குன்றின் மீதிருந்து ஓர் அந்திப் படம்

நகரம் என்றவுடன் நம்மனோர் மனக்கண்முன் எழுவது, வானளாவும் மாடங்கள் ஓரிடத்தில் நெருங்கி நிற்கும் தோற்றமேயாகும். நியூயார்க், சிங்கப்பூர், மும்பை முதலிய நகரங்களின் அந்திக் காட்சியைப் படங்களில் கண்டு பழகிய கண்கள், அடிவானத்தில் உயர்ந்தும் தாழ்ந்தும் செல்லும் அம்மாட வரிசையையே நகரத்தின் முகமாகக் கொண்டுவிட்டன. எம் ஊராகிய பள்ளிகொண்டாவுக்கு அத்தகைய முகம் இல்லை. பாலாற்றின் தென்கரையில் அமைந்த ஒரு பேரூராட்சி அது. அரங்கநாதர் கோயிற் கோபுரம், பள்ளிவாசல், குடிநீர்த் தொட்டிகள், கைப்பேசிக் கோபுரங்கள், நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியின் உயர்ந்த விளக்குகள் ஆகிய இவையே அங்கு வானத்தைத் தொட முயல்பவை. அவ்வூரின் வான்விளிம்பை நீள்படமாக எடுக்கப் போகின்றேன் என்று யான் கூறியபோது நண்பர் சிலர் நகைத்ததில் வியப்பில்லை.

ஆயினும் அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. எம் நாட்டில் நகரம் நிற்பதில்லை, படுத்திருக்கின்றது. இராணிப்பேட்டை தொடங்கி வேலூர், பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி எனச் சாலை நெடுகத் தோல் பதனிடும் சாலைகளும், காலணித் தொழிற்சாலைகளும், அவற்றை நம்பி வாழும் குடியிருப்புகளும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நீண்டு கிடக்கின்றன. 2019ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் பழைய வேலூர் மாவட்டத்தை வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரித்தனர். கோப்பில் வரைந்த அக்கோடுகளைத் தோல் மூட்டைகளும் அறியா, அவற்றைச் சுமப்போரும் அறியார். பிரமன் செய்த வேள்வியை அழிக்கச் சினந்து ஆறாகப் பெருகி வந்த கலைமகளைத் தடுக்கத் திருமால் குறுக்கே படுத்த இடங்களுள் எம் ஊர் முதலாவது என்றும், திருப்பாற்கடலும் காஞ்சியும் பின்னவை என்றும் தலபுராணம் கூறும். பெருமாளே படுத்திருக்கும் ஊரில் நகரமும் படுத்திருத்தல் பொருத்தமே. படுத்திருப்பவரைப் படம் பிடிக்க வேண்டுவோன் நீளவாக்கில்தான் பிடிக்க வேண்டும்.

உயர்ந்த இடத்தில் ஏறிப் பார்ப்பது புகைப்படக்காரர் கண்டுபிடித்த வழக்கமன்று. வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே நிற்கும் குன்றுகளை நாம் நாள்தோறும் கல்லூரிக்கு வரும்போது காண்கின்றோம். 1677, 1678ஆம் ஆண்டுகளில் மராட்டியப் படையினர் அக்குன்றுகளில் ஏறிச் சாஜரா, கோஜரா என அரண் அமைத்து, அங்கிருந்து கோட்டையைக் கண்காணித்துத் தாக்கி, நீண்ட முற்றுகைக்குப் பின்னர் அதனைக் கைக்கொண்டனர். அகன்ற அகழியும் கருங்கல் மதிலும் கீழே நிற்பவனைத் தடுக்கும். மேலே நிற்பவனுடைய கண்ணைத் தடுக்க அவற்றால் இயலாது. உயரத்தில் நின்று ஓர் ஊரைப் பார்ப்பவனிடம் எப்பொழுதும் ஒரு பீரங்கிக்காரனின் பார்வை சிறிதேனும் ஒட்டிக் கொண்டிருக்கும் என்பது என் எண்ணம். கீழுள்ளோர் அவனைக் காணார். அவனோ அனைவரையும் காண்பான்.

‘பானோரமா’ எனப்படும் அகன்ற காட்சிப் படமும் புகைப்படக் கலைக்கு முற்பட்டதே. ஸ்காத்லாந்து நாட்டில் எடின்பரோ நகரில் வாழ்ந்த இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர், அந்நகரத்துக் கால்ட்டன் குன்றின் மீது நின்று சுற்றிலும் கண்ட காட்சியை வட்டமாக எழுதும் முறைக்கு 1787இல் உரிமைப் பட்டயம் பெற்றார். பின்னர் 1793இல் இலண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென ஒரு வட்ட மண்டபமே கட்டப்பட்டது. காசு கொடுத்து உள்ளே சென்றவர்கள் நடுவில் நின்று சுற்றிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தனர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த காட்சியையும் மறு ஆண்டிலேயே இராபர்ட் கெர் போர்ட்டர் என்பவர் நூறடிக்கு மேற்பட்ட நீளத்தில் எழுதி இலண்டனில் காட்சிக்கு வைத்தார். அத்தகைய மண்டபங்களுக்குச் சென்றோர் கையில் ஒரு சிறு தாள் கொடுக்கப்படுவதுண்டு. அதில் காட்சியின் கோட்டுருவம் வரையப்பட்டு, இது இன்ன கோயில், இது இன்ன பாலம், இவர் இன்ன தளபதி என்று எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கும். அத்தாளின் அருமையை யான் பின்னர்தான் உணர்ந்தேன்.

தமிழ்நாட்டில் இவ்வகைப் படத்தின் பழமையானதொரு சான்று வான்விளிம்பைக் காட்டுவதன்று, கல்லெழுத்தைக் காட்டுவது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856இல் நியமனம் பெற்ற கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர், காகித நெகட்டிவ்களைக் கொண்டு திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை முதலிய இடங்களைப் படம் எடுத்தார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை, ஒவ்வொரு பகுதியாகக் காமிராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். காமிராவோடு தாமும் அடியடியாக நகர்ந்து சென்றமையின், எதனையும் விடாது படிப்பவரின் பொறுமை அப்படத்தில் உண்டு. குன்றின் மீது முக்காலியை ஊன்றி ஓரிடத்தில் நின்று சுழல்பவனுக்கு அப்பொறுமை எளிதில் வாய்ப்பதன்று.

நம் கல்லூரிப் புகைப்படக் கழகத்தார் ஆண்டு விழாக் கண்காட்சிக்கு எட்டடி நீளத்தில் ஒரு படம் வேண்டுமென விரும்பினர். வேலூர்க் கோட்டையைப் பலரும் எடுத்தாயிற்று. ஆகவே எம் ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள பாறைக் குன்றுகளுள் ஒன்றைத் தேர்ந்தேன். அதன் உச்சியில் வடக்கு நோக்கி நின்றால் இடக்கையில் ஆம்பூர்த் திசை, எதிரே ஊரும் ஆறும் அதற்கப்பால் குடியாத்தமும், வலக்கையில் வேலூர்த் திசை எனப் பள்ளத்தாக்கின் பாதிவட்டம் கண்ணுக்கு அகப்படும்.

இனி, வேளையைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். பொழுதை நுண்ணிதாகப் பகுத்த தமிழர், கதிரவன் சாயும் நேரத்தை எற்பாடு என்றும், அதன்பின் வருவதை மாலை என்றும் வேறு பிரித்தனர். தொல்காப்பியர் மாலையை முல்லைக்கு உரிய சிறுபொழுதாகக் கூறினார். பிரிந்து சென்றோரின் வரவை எதிர்நோக்கி இல்லத்திலிருப்போர் காத்திருக்கும் வேளை அது. புகைப்படக்காரனுக்கும் இப்பகுப்பு வேண்டியதே. கதிரவன் மறையுமுன் வானம் மிகுந்த ஒளியுடையது. ஊர் விளக்குகள் அவ்வொளியில் தோன்றா. இருள் முற்றிய பின்னரோ விளக்குகள் மட்டும் எரியும். வீடும் மரமும் மலையும் கரிய திரைக்குள் மறைந்துவிடும். வானத்தின் ஒளி குறைந்து கொண்டே வந்து, தெருவிளக்கின் ஒளியோடு ஒத்த அளவில் நிற்கும் ஓர் இடைவேளை உண்டு. அப்பொழுதுதான் கோபுரத்தின் வடிவும் தெரியும், அதன்கீழ்க் கடைத்தெருவின் விளக்கும் தெரியும். வடநாடுகளில் கோடைக்காலத்து அந்தி நெடுநேரம் நிற்கும் என்பர். நம் நாட்டில் கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி விரைந்து கழிகின்றது. கதிரவன் மறைந்தபின் ஒளியுள்ள அந்தி 22 நிமிடங்களளவே. அதிலும் படத்துக்கு உகந்தவை ஏழெட்டு நிமிடங்கள்தாம்.

2025ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை. பிற்பகல் நான்கு மணிக்கே குன்றேறினேன். அன்று காலைப் பத்திரிகைகளில் எம் பள்ளத்தாக்கைப் பற்றிய செய்தியொன்று வெளிவந்திருந்தது; அதனைப் பின்னர்க் கூறுகின்றேன். காற்று அடங்கியிருந்தது. அறுவடை முடிந்த வயல்களிலிருந்து ஆங்காங்கே மெல்லிய புகை எழுந்தது. முக்காலியைப் பாறையில் ஊன்றி, அதன் ஒரு காலில் நீர்ப் பையைக் கட்டித் தொங்கவிட்டு, மட்டம் பார்த்தேன்.

இவ்வகைப் படம் எடுக்க விரும்பும் இளைஞர் சிலர் நம் கழகத்தில் உள்ளமையின், முறையைச் சிறிது விளக்குவேன். காமிராவைச் செங்குத்தாக நிறுத்துதல் வேண்டும். படத்தின் எண்ணிக்கை மிகினும் மேலும் கீழும் இடம் கிடைக்கும். ஒவ்வொரு படமும் அடுத்ததன் மூன்றிலொரு பங்கையேனும் தழுவ வேண்டும். இன்றேல் கணினி அவற்றைப் பொருத்தத் தடுமாறும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்டு பாதிவட்டத்தைப் பிடிக்க எனக்கு 11 படங்கள் வேண்டியிருந்தன. ஒளியளவு, குவியம், நிறச்சமன்பாடு ஆகிய மூன்றையும் தானியங்கும்படி விடாது ஒரே நிலையில் பூட்டிவிடுதல் இன்றியமையாதது. காமிராவைச் சுழற்றுங்கால், லென்ஸினுள் ஒளி புகும் துளை முக்காலியின் அச்சுக்கு நேராக அமைதல் வேண்டும். விரலொன்றை முகத்தெதிரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வதாகத் தோன்றும். துளை அச்சை விட்டு விலகினால் அருகிலுள்ள பாறையும் தொலைவிலுள்ள கோபுரமும் அவ்வாறே ஒன்றுக்கொன்று பெயர்ந்து, ஒட்டும் இடத்தில் பிளவு காட்டும்.

எத்திசையிலிருந்து தொடங்குவது என்பதும் ஆராயத்தக்கது. படத்துக்கு எட்டு விநாடியும், சுழற்றவும் அதிர்வு அடங்கவும் சிறிது நேரமுமாகப் பதினொரு படத்துக்கு நான்கு நிமிடம் ஆகின்றது. அந்நான்கு நிமிடத்துள் ஒளி கண்முன் வடிந்துவிடும். அந்தியில் கீழ்வானம் முதலில் இருளும். மேல்வானம் கடைசிவரை ஒளிர்ந்து நிற்கும். ஆகவே இருண்ட கீழ்த்திசையை ஒளி மிகுந்துள்ளபோதே எடுத்துவிட்டு, ஒளிர்ந்த மேற்றிசையை ஒளி குறைந்தபின் எடுப்போமாயின், இரண்டும் ஒருவாறு சமமாகும். இந்நுட்பத்தை எனக்கு எவரும் கற்பித்திலர். இரண்டு மாலைகள் அக்குன்றில் வெறுமனே அமர்ந்து வானத்தைப் பார்த்ததில் விளங்கியது.

மாலை 6 மணி 10 நிமிட அளவில் கதிரவன் ஆம்பூர்த் திசையில் மலைகளுக்குப் பின்னே இறங்கினான். சில நிமிடங்களில் வேலூர்ப் பக்கத்து அடிவானத்தில் சாம்பல் கலந்த நீலப் பட்டையொன்று எழுந்தது. அதன்மேல் இளஞ்சிவப்பு நிறம் படர்ந்திருந்தது. அந்நீலப் பட்டை மேகமன்று. நாம் நிற்கும் நிலவுலகின் நிழல் வளிமண்டலத்தின் மீது விழுந்து மேலெழுவது. எத்துணையோ மாலைகளில் நாம் அதனை மழை மேகமென்று எண்ணிக் கடந்திருக்கின்றோம். மேற்கே அமாவாசை கழிந்த மெல்லிய பிறையும், அதற்கு உயரே வெள்ளிக் கோளும் தோன்றின. அவ்விரண்டும் என் படச்சட்டத்துள் அடங்காமல் மேலே நின்றன. அவற்றுக்காகச் சட்டத்தை உயர்த்தினால் ஊர் நழுவிவிடும். ஊரே வேண்டுமென விட்டுவிட்டேன். கீழே கோயில் விளக்கு எரிந்தது. பள்ளிவாசலிலிருந்து மாலைத் தொழுகைக்கு அழைக்கும் குரல் எழுந்தது. சுங்கச்சாவடி விளக்குகள் ஒருசேரப் பளிச்சிட்டன. 6 மணி 24 நிமிடத்துக்கு வேலூர்த் திசையில் தொடங்கி, 6 மணி 28 நிமிடத்துக்கு ஆம்பூர்த் திசையில் முடித்தேன்.

வீடு திரும்பிக் கணினியில் பதினொன்றையும் இணைத்தபோது தோன்றிய காட்சி அழகியது என்று கூறினால் அது தற்புகழ்ச்சி ஆகாது. அந்தியின் அழகில் எடுத்தவனுக்குப் பங்கு சிறிதே. நீலமும் பொன்னும் கலந்த வானம். அதன்கீழ் மாணிக்கமும் முத்தும் சிதறினாற்போல விளக்குகள். நெடுஞ்சாலையின் ஒரு பாதி வெண்கோடு, மறு பாதி செங்கோடு. இவற்றுக்கும் வடபுறத்து விளக்குகளுக்கும் இடையே மட்டும் படத்தின் முழுநீளத்துக்கும் ஒரு கரிய பட்டை ஓடியது. அதுவே பாலாறு.

கழகத்து நண்பர் ஒருவர் படத்தைக் கண்டு மகிழ்ந்து, “இந்தக் கரும்பட்டை ஒன்றே குறை. வானத்தின் நிறத்தை அதில் சிறிது தீட்டினால் நீர் ஓடுவது போலவே இருக்கும், கணினியில் ஒரு நொடி வேலை” என்றார். அவர் கூறியது உண்மை. இக்காலத்து மென்பொருள்கள் வறண்ட ஆற்றில் வெள்ளத்தையே வரவழைக்க வல்லவை. 2021ஆம் ஆண்டு நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை யாமெல்லாம் பாலத்தில் நின்று கண்டோம். ஆகையால் நீருள்ள பாலாறு முற்றிலும் பொய்யும் அன்று. ஆனால் அன்றைய மாலை அங்கிருந்தது மணலும் சீமைக் கருவேலும், இடையிடையே தேங்கி நின்ற குட்டைகளுமே. பட்டையைப் பட்டையாகவே விட்டேன்.

பத்திரிகைச் செய்தி என்று மேலே குறித்தது இதுவே. படம் எடுத்த நாளுக்கு முன்னாள், 2025 ஜனவரி 30இல், வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவால் விளைந்த கேட்டைக் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடுற்றோர்க்கு இழப்பீடு அளித்து, அதனைக் கேடு செய்தோரிடமிருந்தே பெற வேண்டும் என்றும், நிலத்தையும் நீரையும் ஆராய்ந்து சீர்செய்யும் பணியைக் கண்காணிக்கக் குழுவொன்று அமைக்கப்பட வேண்டும் என்றும் நீதிபதிகள் ஆணையிட்டனர். இது புதிய வழக்கன்று. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் இதே நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துவோரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியதாகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பயிலப்படுகின்றது. இரு தீர்ப்புகளுக்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அத்துணைக் காலத்தில் சட்ட நூல்களில் எம் ஆறு புகழ்பெற்றது.

கேட்டின் காரணம் எளிது. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டு வைப்பர். பதனிடுமுன் அவ்வுப்பை நீரில் ஊறவைத்துக் கழுவுவர். பழங்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். பின்னர்க் குரோமியம் வந்தது. குரோமியத்தைப் பிரித்தெடுத்தாலும் நீரில் கரைந்த உப்பைப் பிரித்தெடுத்தல் பெருஞ்செலவு. அது மண்ணில் இறங்கிற்று. மண்ணிலிருந்து கிணற்றுக்குச் சென்றது.

இப்பொழுது புகைப்பட வரலாற்றில் ஒரு செய்தி என் நினைவுக்கு வருகின்றது. 1838இல் பாரிசு நகரத்தில் தாகேர் என்பவர் தம் உயர்ந்த சாளரத்திலிருந்து கீழேயுள்ள அகன்ற வீதியொன்றைப் படம் எடுத்தார். அவ்வீதியில் வண்டிகளும் மக்களும் இடையறாது சென்று கொண்டிருந்தனர். ஆனால் அக்காலத்துத் தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தமையால், நகர்ந்தோர் ஒருவரும் பதியவில்லை. வீதி வெறிச்சோடித் தோன்றுகின்றது. ஒரு மூலையில் மட்டும் ஒரு மனித உருவம். அவர் தம் காலணிக்கு மெருகிடுவித்துக் கொண்டு ஓரிடத்தில் நின்றமையால் பதிந்தார். மனித உருவம் பதிந்த முதற் புகைப்படம் எனக் கருதப்படுவது இதுவே. தோல் நாட்டில் பிறந்தவனுக்கு இச்செய்தி வேறொரு வகையில் உறைக்கின்றது. காலணி அணிந்து நின்றவர் தெளிவாகப் பதிந்தார். வேலைக்கு விரைந்தோரெல்லாம் மறைந்தனர். என் காமிராவின் எட்டு விநாடியும் அவ்வாறே செய்தது. நின்ற விளக்கெல்லாம் மணிமணியாகப் பதிந்தது. வேலை முடித்து வீடு திரும்பியோர் வெண்கோடாகவும் செங்கோடாகவும் உருவழிந்தனர்.

ஆகவே பார்க்கரின் மண்டபத்தில் கொடுத்தது போன்ற விளக்கத்தாள் ஒன்று இப்படத்துக்கும் வேண்டுமெனத் துணிந்தேன். குன்றின் மீதிருந்து பார்த்தவன் அதனை எழுத இயலாது. கீழே இருப்பவர்களே எழுத வேண்டும். படத்தைச் சாதாரணத் தாள்களில் அச்சிட்டு ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எம் தெருத் திண்ணையில் விரித்தேன். கம்பெனி விடுமுறை நாளாதலின் பெண்டிர் பலர் வீட்டிலிருந்தனர்.

முதலில் எவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தாம் நாள்தோறும் நடக்கும் ஊரை மேலிருந்து அறிதல் எளிதன்று. எதிர்வீட்டு அத்தை கோபுரத்தைக் கண்டுபிடித்தார்; அதன்பின் திறவுகோல் கிடைத்தது போலாயிற்று. இது மேட்டுத் தெரு, இது அரசு மருத்துவமனை, இது நேற்றுத் திறந்த பிரியாணிக் கடையின் பச்சை விளக்கு என்று ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கூறலாயினர். இடக்கோடியில் அடிவானத்தில் தோன்றிய மங்கிய பொன்னிற ஒளியை யான் அந்திச் செம்மையின் எச்சம் என்றே எண்ணியிருந்தேன். அக்கா முறையுள்ள ஒருவர், “அது வானம் இல்லை தம்பி, அங்கேதான் எங்கள் கம்பெனி. இரவு லைன் ஓடும் நாளில் அப்படித்தான் தெரியும்” என்றார். அவர் அங்கே காலணியின் மேற்பகுதி தைப்பவர். எந்த நாட்டார் அணியும் காலணி என்று வினவினேன். பெட்டியில் ஒட்டும் சீட்டைக் கண்டு ஜெர்மனி என்றும் இத்தாலி என்றும் கூறுவாராம்; இதுவரை அக்காலணியில் ஒன்றையும் தாம் காலில் இட்டுப் பார்த்ததில்லையாம். இதனைக் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

மூலைவீட்டுத் தாத்தா முப்பது ஆண்டு ஒரு தோல் பதனிடும் சாலையில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். விரல்களின் நகம் தேய்ந்து போயிருக்கும். அவர் விளக்குகளைப் பார்க்கவேயில்லை. கண்ணாடியை மூக்கில் சரித்துக் கொண்டு கரும்பட்டையின் மீதே விரலை ஓட்டினார். “இங்கே ஊற்று. முழங்கை ஆழம் தோண்டினால் போதும், பனங்கருப்பட்டி நிறத்தில் மணல், கண்ணாடி போலத் தண்ணீர். இங்கே வண்ணான் துறை. இங்கே ஆடி பதினெட்டுக்குப் பெண்கள் வருவார்கள். இங்கே வெள்ளரி போட்டிருந்தோம்.” எட்டடிப் படத்தில் அவர் ஒருவரே இருளுக்குப் பதினான்கு பெயர் கூறினார். எண்ணிட்டு எழுதிக்கொண்டேன்.

பட்டைக்குத் தெற்கே விளக்கில்லாத சதுரமொன்று இருந்தது. அது எங்கள் நிலம் என்று எவரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். பாட்டனார் காலத்தில் அக்கிணற்று நீரில் இரு போகம் நெல் விளைந்ததாம். நீர் உவர்த்தபின் தென்னை வைத்தனர், காய் சிறுத்தது, பின்னர் ஒன்றும் வைக்கவில்லை. எவருடைய கழிவு எவ்வழியே வந்ததென்று அந்நாளில் கேட்கச் சென்றவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. நிலம் விளையாது போன ஆண்டில்தான் என் அன்னை கம்பெனி வண்டி ஏறினார். கிணற்றை உப்பாக்கிய தொழிலே எம் உலையில் அரிசி இட்டது. என் பள்ளிக் கட்டணத்தையும், இக்கல்லூரிக் கட்டணத்தையும், அப்படத்தை எடுத்த காமிராவின் பாதி விலையையும் கொடுத்தது. தோல் தொழில் ஒழிக என்று மேடையில் முழங்குவோரையும், அதனால் ஒரு தீங்கும் இல்லை என்று சாதிப்போரையும் யான் கேட்டிருக்கின்றேன். இருவரும் குன்றின் மீது நிற்பவர்கள். எம் தெருவில் அவ்வாறு பேசுவோர் இல்லை. அவர்கள் நல்ல நீரைக் குடத்து விலைக்கு வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குச் செல்கின்றனர். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தாத்தா அறிவார். புதிய தீர்ப்பைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டு, “பணம் யாருக்கு வேண்டும்? ஊற்றுக்கு ஏதாவது எழுதியிருக்கிறார்களா?” என்றார். ஆற்றைச் சீர்செய்யுமாறும் எழுதியுள்ளனர் என்றேன். நல்லது என்று எழுந்து சென்றார்.

அன்னை அதுவரை அடுக்களைக்கும் திண்ணைக்குமாக நடந்து கொண்டிருந்தார். கூட்டம் கலைந்தபின் வந்தமர்ந்து, “நம் வீடு எது?” என்று கேட்டார். கோபுரத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரு விளக்குகளுக்கு நடுவே இருண்டிருந்த இடத்தைக் காட்டினேன்.

“அந்தி நேரத்தில் வீட்டில் விளக்கு ஏற்றவில்லையா?”

தந்தையார் வேலூர் மண்டியிலிருந்து திரும்ப இரவு எட்டாகும். தங்கை அன்று டியூஷனுக்குச் சென்றிருந்தாள். யானோ குன்றின் மீது நின்றேன். “நீதான் இன்னும் வந்து சேரவில்லையே அம்மா” என்றாள் தங்கை.

அன்னை படத்தை இடப்புறமாகத் தள்ளி, நெடுஞ்சாலையின் வெண்கோட்டில் விரலை வைத்து, ஆம்பூர்ப் பக்கமிருந்து மெல்ல நகர்த்திக் கொண்டு வந்தார். “எத்தனை மணி என்றாய்?” என்றார். மேற்குப் பக்கத்தை எடுத்தபோது 6 மணி 28 நிமிடம் என்றேன். சாலை சிறிது வளையும் ஓரிடத்தில் விரல் நின்றது. அவ்விடத்திற்கு 47 என்று எண்ணிட்டு, என்ன எழுதுவது என்று வினவினேன். கம்பெனி வண்டி என்று எழுதச் சொன்னார். பின்பு, அதில் முப்பது பேர் இருப்பார்கள், அதனையும் எழுது என்றார்.